மூடியாச்சா?

1

இந்தக் கதை ஒரு சொல்லின் மேல் எனக்கு வந்த கோபத்தில் தொடங்கியது. மூடு. மூடியைக் கவிழ்த்தாலும் மூடுதான், உறை போட்டாலும் மூடுதான், கடையை இழுத்துச் சாத்தினாலும் மூடுதான். தூத்துக்குடி மில்லர்புரத்துப் பெர்சியை இந்த ஒரு சொல் படுத்திய பாட்டை எழுதாமல் விட மனம் வரவில்லை. (பெர்சி என்று ஒருத்தி இல்லை. இனி இருக்கிறாள்.)

2

'கடலிலிருந்து வீசிய உப்புக் காற்றில்...'

வேண்டாம். தூத்துக்குடி என்றாலே எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

பெர்சியின் முற்றத்தில் ஒரு பீங்கான் கிரில் இருக்கிறது, கரித் தணலில் மீன் சுடுகிற அடுப்பு. பெரிய முட்டை வடிவம், கரும்பச்சை நிறம். நாலு பேர் கை கொடுத்தால்தான் நகரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு அதில் விளமீன் சுட்டு விற்கிறாள். பத்து வருஷம் அடுத்தவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவளுக்கு 'என்னுது' என்று சொல்ல வாய்த்தது அந்த முற்றத்துக் கடை மட்டும்தான்.

3

முதல் ஞாயிறே விபரீதம். மீன் தீர்ந்ததும் பெர்சி பார்சலோடு வாசலுக்கு ஓடிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்: "அத்தான், உடனே மூடிருங்க!"

அவள் மூடச் சொன்னது கிரில்லின் காற்றுத் துவாரங்களை, தணல் அணைய. தேவதாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், சொன்னதைச் செய்கிறவன். மழை உறையை எடுத்து மேலே போட்டுவிட்டான். அது உருகி ஒட்டிக்கொண்டது.

"என்ன அத்தான் செஞ்சிருக்கிய?"

"நீதானளா மூடச் சொன்ன?" அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கடையவே மூடிருவோம், பாத்துக்க."

கரும்பச்சையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.*

* பீங்கான் லேசில் சூட்டை விடாது, மணிக்கணக்கில் வைத்திருக்கும். சூட்டோடு உறை போட்டால் உருகும். வெதுவெதுப்பில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆகவே துவாரங்களை உடனே, உறையை முழுக்க ஆறின பிறகு. கதை முழுவதும் இந்த அடிக்குறிப்பிலேயே முடிந்துவிட்டதோ என்று எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான்.

4

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மணி மூன்று. கடைசி மீனும் போயிற்று. துவாரங்களை அடைத்துவிட்டுப் பெர்சி நிமிர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. புது உறை அவள் தோளில் கிடந்தது. வேலையிலிருந்த தேவதாசன் போன் செய்தான்.

"ஏளா, இங்கன மழை கொட்டுது. மூடியாச்சா?"

"துவாரத்த மூடியாச்சு. உறை போடல."

"சூட்டுல தண்ணி விழுந்தா வெடிச்சிரும். உறையப் போடுளா!"

"இன்னும் ஆறல அத்தான்."

போனை வைத்துவிட்டாள்.

'பெர்சிக்குப் பயமே இல்லை' என்று எழுதி அடித்தேன். பொய். வெடித்தாலும் கடை போச்சு, உருகினாலும் போச்சு. உறையை உதறி விரித்தேவிட்டாள். பிறகு புறங்கையைப் பீங்கானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சுட்டது. உறையை மடித்து வைத்துவிட்டு, காலையில் கோயிலுக்கு எடுத்துப்போன பெரிய குடையை விரித்து கிரில்லுக்கு மேலே பிடித்தாள். தன் தலைக்கு அல்ல. மழை அவளையும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச்சேலையையும் சேர்த்து நனைத்தது.

எனக்கு இவளை ரொம்பப் பிடித்துவிட்டது. எழுதுகிறவன் இப்படி வெளியே சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டேன்.

5

முடிவு ஒன்று: பீங்கான் வெடிக்கிறது, கடையை மூடு— கை வரவில்லை. இவ்வளவு நேரம் குடை பிடித்தவளுக்கு இதை எப்படிச் செய்வது?

முடிவு இரண்டு: ஊரே அவளைப் பாராட்டி— சே.

முடிவு மூன்று: ஐந்து மணிக்கு மழை தூறலாகிறது. தேவதாசன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வருகிறான். சொட்டச் சொட்ட நிற்கிறவளைப் பார்க்கிறான். நனையாத கிரில்லைப் பார்க்கிறான். குடையை வாங்கிக்கொள்கிறான். மடித்த உறையை மறு கையில் எடுத்து, முதல்முறையாக, போடுமுன் அவளிடம் கேட்கிறான்:

"மூடட்டுமா பெர்சி?"

அவள் பழைய கறைக்குப் பக்கத்தில் புறங்கையை வைக்கிறாள்.

சூடு இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. வாசகரே, நீங்களும் அவள் கைக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஆறியிருந்தால் மூடச் சொல்லுங்கள். சுட்டால் அவன் நிற்கட்டும். குடை இப்போது அவன் கையில்தானே இருக்கிறது.