அரிமளத்துக்கு வரும் யானைகள்

1
இந்தக் கதைக்குக் காரணம் என் கற்பனை அல்ல, அக்காவின் ஞாபகசக்தி. கல்யாணமாகி வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சந்தனமேரி அக்காவிடம் யானை எச்சரிக்கை அனுப்பப் போன் எண் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் யானை நின்றால் குறுஞ்செய்தி வரும். யானையை விரட்ட அல்ல, மனிதர்கள் ஒதுங்கிப் போக. ரேஷனுக்கும் கேஸுக்கும் சொல்லிச் சொல்லி மனப்பாடமான எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டாள்.

யானை அங்கே. செய்தி எங்கள் ஊர் அரிமளத்தில், என் கையில்.

2
தொடக்கம் ஒன்று: "மூடுபனிக்குள் மலைபோல் ஒரு…"
(அடித்துவிட்டேன். நான் மூடுபனியைப் பார்த்ததில்லை. யானையும் கோயில் யானைதான்.)

தொடக்கம் இரண்டு: "போன் அதிர்ந்தது."
(உண்மை. இருக்கட்டும்.)

3
வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கக் கூசி, ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை போனில் கத்துகிறேன்.

"அக்கா, பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டுல மூணு ஆனை நிக்கிதாம். அங்கிட்டுப் போகாத."

"அரிமளத்துல உக்காந்து ஆனை மேய்க்கிறியாடி?"

பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

"நம்பர மாத்துக்கா."

"மாத்துனா நீ எங்கிட்டப் பேசுவியா?"

(இந்த வரி நான் சேர்த்ததல்ல. அவ்வளவு நன்றாக எனக்கு எழுத வராது.)

4
இன்று மாலை ஐந்து பத்து. ஒற்றை யானை, ஓடைப் பாலம். அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும் பாதை அது. அவளுக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது பதிவுக்குரல். மறுபடியும் அதே குரல். அத்தானும் எடுக்கவில்லை. தேயிலை ஃபேக்டரிக்குள் போன் கூடாது.

முடிவு அ: யானை ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் வழியில் போகிறது. (பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் குடும்பத்தோடு அதற்குப் பகை ஒன்றும் இல்லை.)

முடிவு ஆ: பாலத்து வளைவில் அக்கா
(எழுத மாட்டேன்.)

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாளே என்று நீங்கள் திட்டலாம். பேசப் பயந்தால் எழுதுவது என் வழக்கம். இப்போதைய பயத்துக்குக் காரணம், இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண். அக்காவின் தோட்டத்து சூப்பர்வைசர் மலையாண்டி. அவசரத்துக்கு என்று அக்கா எழுதிவைக்கச் சொன்னது. முன்பின் தெரியாத மனிதர். என்ன சொல்லி ஆரம்பிப்பது? "வணக்கம் சார், நான்…" (அடித்துவிட்டேன்.) "சார், அரிமளத்துலேருந்து…" (சிரிப்பாரே.)

சிரிக்கட்டும்.

மணி ஐந்து பதினான்கு. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேச வேண்டும்.