பத்து நிமிடம் அதிகம்

ஊரே ஒரு ஆல்பத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். தொழில் புத்தி. ஒரு வாரப் பத்திரிகையில் பதினாறு வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறேன். அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் கத்திரி. முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்களாம். நன்றாகவே கேட்கிறது.

இந்த முறை ஆடவைத்தது ‘ஓட்டைக் குடை’ என்ற புது ராக் குழு. எந்தப் பெரிய கம்பெனியையும் அண்டாமல், நாலு பேர் சேர்ந்து தாங்களாகவே போட்ட முதல் ஆல்பம், ‘நனைஞ்சா என்ன’. கடைக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் ஆறு விமர்சகர்கள் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். ‘பாரமான இருட்டு’ என்றார் ஒருவர். ‘அவசரமே இல்லாத துக்கம்’ என்றார் இன்னொருவர். அவர்களில் ஒரு வானொலிக்காரர் ஒரு படி மேலே போய், பாடகியின் குரல் கிணற்றின் அடியிலிருந்து எழுகிறது என்று உருகியிருந்தார்.

அந்தப் பாடகி என் தங்கை. வீட்டில் குட்டி.

ஆசிரியரிடம் போய், “என் தங்கச்சி சார், வேற யார்கிட்டயாவது குடுங்க” என்றேன்.

“அதனாலதாம்மா உன்கிட்ட குடுக்கறேன். எல்லாரும் ஜால்ரா அடிக்கறாங்க. நீ பெத்த தாயா இருந்தாலும் விட மாட்டே. பாடறது தங்கச்சின்னு கீழ ஒரு வரி போட்டுடு. நாளைக்கு நாலு மணிக்கு வேணும்.”

என் பயம் புகழ்ச்சியைப் பற்றியது அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் குட்டியின் குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். பேச்சு வந்துவிடும் என்றார் டாக்டர். பாட்டு? “பார்க்கலாம்” என்றார். டாக்டர்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். பேச்சு மூன்று மாதத்தில் வந்தது. ஆனால், குளியலறையில் அவள் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவாரே, அப்படிப்பட்டவள், அதற்குப் பிறகு என் முன்னால் ஒரு வரி பாடவில்லை. கேட்டால், “ஆல்பம் வரும்ல, அதுல கேட்டுக்கோ” என்பாள்.

வந்துவிட்டது. முன்கூட்டியே இணையத்தில் கசிந்துவிடக் கூடாது என்று விமர்சகர்களுக்கு இசைத்தட்டாக மட்டும் அனுப்பியிருந்தார்கள். பெரிய தட்டு. நடுவில் ஒன்றும் எழுதாத வெள்ளைக் காகிதம். கூடவே அவர்களின் டிரம்மர் தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதம்.

மறுநாள் காலை தட்டைச் சுழலவிட்டு, சமையலறை டைமரையும் முடுக்கி வைத்தேன். பதினாறு வருடப் பழக்கம் அது. வளவளவென்று இழுக்கும் ஆல்பத்துக்கு நான் மதிப்பெண் வெட்டுவேன். வெட்டுவதற்குக் கையில் கணக்கு வேண்டாமா? “பாட்டு வெந்துடுச்சா பாரு” என்று கிண்டல் செய்துகொண்டே என் கணவர் வேலைக்குக் கிளம்பினார்.

ஊசி இறங்கியது. கிட்டார் சேற்றில் கால் பதித்து நடந்தது. டிரம்ஸ் மூட்டை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியது. பிறகு குரல் வந்தது. பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டபின் பேசுவதுபோல, தடித்து, குழறி, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு குரல். என் குட்டியின் குரல் அதில் எங்கேயும் இல்லை.

ஒன்பது பாட்டையும் கேட்டு முடித்தேன். எப்படிக் கேட்டேன் என்று கேட்காதீர்கள். போச்சு, அவள் குரல் போயே போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த ஆறு மகானுபாவர்களும் அதைக் கலை என்று கொண்டாடுகிறார்கள்! அவர்கள் மேல் வந்த கோபத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். உள்ளதை எழுதினால் என் தங்கை உடைந்துபோவாள். பொய் எழுதினால் அவள் என்றைக்காவது கண்டுபிடிப்பாள். அன்றைக்கு என் முகத்தில் விழிக்க மாட்டாள். மணி பதினொன்றரை.

எதையாவது எழுத வேண்டுமே என்று, விமர்சனத்துக்கு மேலே வரும் சின்னக் கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தேன். குழுவின் பெயர், பாட்டு எத்தனை, நீளம் எவ்வளவு. கடிதத்தில் இருபத்தெட்டு நிமிடம் என்று இருந்தது. என் நோட்டில் தட்டின் இரண்டு பக்கத்துக்கும் பத்தொன்பதும் பத்தொன்பதும், முப்பத்தெட்டு. பத்து நிமிடம் எங்கிருந்து குதித்தது?

யாரையாவது திட்டக் காரணம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பே வந்தது. குட்டிக்கு ஃபோன் போட்டேன்.

“அக்கா, கேட்டியா?” குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

“கேட்டேன். அத விடு. உங்க டிரம்மருக்குக் கணக்கு வராதா? இருபத்தெட்டு நிமிஷம்னு எழுதியிருக்கான். முப்பத்தெட்டு ஓடுது.”

“இருபத்தெட்டுதான்க்கா. பக்கத்துக்குப் பதினாலு. செகண்டு செகண்டா உக்காந்து வெட்டினோம்.”

“நான் டைமர் வச்சுக் கேட்டேன்டி. பத்தொன்பது!”

“பத்தொன்பதா?” என்றாள். பிறகு மெதுவாக, “அக்கா... எந்த ஸ்பீடுல போட்டே?”

“இது என்ன கேள்வி? பெரிய தட்டு எதுல போடுவாங்க? முப்பத்துமூணுலதான்.”

“ஐயையோ! அது நாப்பத்தஞ்சுக்கா!”

பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்பது எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற காரியம். சத்தம் இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று யாரோ சிலர்தான் பெரிய தட்டையும் நாற்பத்தைந்தில் வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் நடுக் காகிதத்தில் எழுதிவிடுவார்கள். இவர்களுடையது வெள்ளைக் காகிதம். கடிதத்தில் எழுத வேண்டிய டிரம்மர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை மட்டும் மறந்திருக்கிறான். ஆறு விமர்சகர்களும் நானும் அதை வேகம் குறைத்துக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபோனைக் காதில் வைத்தபடியே குமிழைத் திருப்பி ஊசியை இறக்கினேன். கிட்டார் துள்ளிக்கொண்டு ஓடியது. அதன் மேல் ஏறி வந்தது குளியலறைக் குரல். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவாரே, அதே குரல். மேலே போகும்போது ஓரிடத்தில் லேசாகச் சொரசொரத்தது, அது புதுசு. சொரசொரத்துவிட்டு, அதையும் தாண்டிப் போனது.

“பாவி, உன் குரல் இருக்குடி” என்றேன். “அப்படியே இருக்குடி!” அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கமும் அழுகைதான். “கிணத்தடிக் குரல்னு எழுதினாங்கல்லக்கா, அன்னிலேருந்து நான் வாயே தொறக்கல. எனக்கு நல்லாதான் கேக்குது. ஆனா ஆறு பேரும் ஒண்ணாச் சொல்றாங்களே! பசங்க எல்லாரும் பாவம் பார்த்து எங்கிட்ட பொய் சொல்லிட்டாங்களோன்னு நெனச்சேன். ஆட்டம் போடற பாட்டப் போயி துக்கம்னு எழுதறாங்க!”

“இத்தனை நாளாவா? எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல, கழுத?”

“நீயும் அதையே சொல்லிட்டா?”

மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

“சரி, இப்ப சொல்லு. ஆல்பம் நல்லாருக்கா?”

“ஃபோனை வை. முழுசாக் கேக்கணும். நாலு மணிக்குத் தரணும்.”

டைமரை மறுபடி முடுக்கினேன். இருபத்தெட்டு நிமிடம், கச்சிதம். ஐந்து நட்சத்திரத்துக்கு இது தகுமா? தகாது. முதல் பாட்டும் ஏழாவதும் யாரும் பொறாமைப்படும் பாட்டுகள். கேட்டால் கால் சும்மா இருக்காது. மூன்று பாட்டு நன்று, மூன்று பாட்டு பரவாயில்லை. நாலாவதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒரே வரியைப் பதினோரு முறை பாடினால் அது கவிதையாகிவிடாது. எழுதினேன். தட்டின் வேகத்தைச் சொல்லாமல் விட்ட குழுவையும், முதலில் ஏமாந்த என்னையும் சேர்த்தே திட்டினேன். மூன்றரை நட்சத்திரம். பாடகி என் தங்கை என்று கீழே ஒரு வரி.

பத்திரிகை வந்த அன்று காலை ஆசிரியர் சிரித்துச் சிரித்து இருமினார். ஆறு பேரில் ஐந்து பேர் சத்தமில்லாமல் விமர்சனத்தை மாற்றிக்கொண்டார்கள். வானொலிக்காரர் மட்டும், மெதுவாகக் கேட்டால்தான் அந்த ஆல்பத்தின் ஆழம் புரியும் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மதியம் குட்டி கூப்பிட்டாள். “மூணரையா? ஊரெல்லாம் அஞ்சு குடுத்துது!”

“அது நீ பாடாத பாட்டுக்குக் குடுத்தது. இது நீ பாடினதுக்கு.”

“உன் விமர்சனத்த நான் வெட்டி ஒட்டி வச்சாச்சு” என்றாள். உடனே குரல் உயர்ந்தது. “ஆனா நாலாவது பாட்ட எப்படிக்கா அப்படிச் சொல்லலாம்? நீ சரியாக் கேக்கல. இரு, இப்பவே பாடறேன், கேளு.”

பாடினாள். பதினோரு முறையும் பாடினாள், முழுத் தொண்டையில், யாரோ சுவரைத் தட்டும் சத்தம் வரைக்கும். அப்போதும் அது மோசமான பாட்டுதான். நான் டைமரைத் தேடவில்லை. இன்னொரு தடவை பாடு என்றேன்.