இடது கை தூக்கியவர்கள்

கவியாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்று பி.எட். செய்முறைத் தேர்வு. செங்கம் ரோட்டுப் பள்ளியில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த வேண்டும். தேறி வேலைக்குப் போனால்தான் கீழ்பென்னாத்தூரில் அப்பா ஆரம்பித்திருக்கும் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட முடியும். நாளை பௌர்ணமி, கிரிவலம். கூட்டத்தை ஏற்றிவரும் பஸ்கள் வெளியே விடாமல் ஹாரன் அடித்தன.

லெசன் பிளானில் "மாணவர் அனைவரும் ஆர்வத்துடன் கை தூக்குவர்" என்று எழுதிவிட்டாள். எழுதினால் போதுமா, தூக்க வேண்டாமா? சீனியர்கள் வருடா வருடம் சொல்லித்தரும் வித்தை ஒன்று உண்டு. அதை நேற்றே ஒத்திகை பார்த்துவிட்டாள்.

"தெரிஞ்சவங்க வலது கை தூக்குங்க, தெரியாதவங்க இடது கை. வலது கையைத்தான் கேப்பேன், பயப்படாதீங்க."

இப்போது கேட்டாள். "அரையும் காலும் சேந்தா எவ்வளவு?"

வகுப்பே கை தூக்கியது. வலது கை தூக்கியிருந்த வல்லரசு எழுந்து, "முக்கால் மிஸ்" என்றான்.

தேர்வாளர் ரஹமத்துன்னிசா பேனாவைத் திறக்கவே இல்லை. "நான் ஒருத்தரைக் கேக்கலாமாங்க?" என்று ஜன்னலோரச் சிறுமியைக் காட்டினார்.

அவள் தூக்கிய கையோடு எழுந்தாள். "எனக்குத் தெரியாது மேடம். நேத்து மிஸ் சொன்ன மாதிரி நான் இடது கை."

கவியாவுக்கு உயிரே போய்விட்டது.

"யாருக்குத் தெரியாதுன்னு நேத்தே சரியா கண்டுபிடிச்சிருக்கீங்க," என்றார் ரஹமத்துன்னிசா, குரலை உயர்த்தாமல். "அப்புறம் அவங்களுக்கு என்ன பண்ணீங்க?"

"தேர்வு முடிஞ்சதும் சொல்லித்தரலாம்னு..."

பச்சைப் பொய். தேர்வு முடிந்ததும் அவள் இந்தப் பள்ளியை விட்டே போகிறாள்.

"அந்தப் பொண்ணு பேரு?"

வலது கைப் பெயர்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. இந்தப் பெயர் இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாகப் பயிற்சிக்கு இந்த வகுப்பில் நிற்கிறாள். வெட்கமாக இருந்தது, மார்க் பயத்தைவிட ஜாஸ்தியாக.

"மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குங்க" என்றார் ரஹமத்துன்னிசா.

கவியா லெசன் பிளானை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். "உன் பேரு என்னம்மா?"

"கவிநிலா."

"இடது கை தூக்குனவங்க எல்லாரும் முன்னாடி வாங்க."

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பிள்ளைகள் வந்து கரும்பலகைக்கு முன் தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியாக வல்லரசும் வந்து உட்கார்ந்தான்.

"நீ ஏன்டா வந்த? நீதான் சரியா சொல்லிட்டியே."

"நேத்து நீங்க சொன்னதைத்தான் சொன்னேன் மிஸ்," என்றான். "அது ஏன் முக்கால்னு எனக்கும் தெரியாது."