ஏலம் போன பாட்டு

எங்கள் பேண்டின் பெயர் எரிகோ. வேதாகமத்தில் அது ஒரு பட்டணம். இஸ்ரவேலர் எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் அதன் மதில் இடிந்து விழுந்தது. அதுபோல நாமும் ராக் இசையால் உலகத்தின் பாவ மதில்களை இடிக்கப் போகிறோம் என்று ஜெபின் விளக்கம் சொன்னான். பேண்ட் ஆரம்பித்துச் சில மாதங்களிலேயே ஒரு சுவரில் விரிசல் விட்டது உண்மைதான். ஆனால் அது பாவத்தின் சுவர் அல்ல. முடிச்சூர் ரோட்டில், சம்பத் அண்ணனுடைய ஹார்டுவேர் கடைக்கு மேலே, நாங்கள் பயிற்சி செய்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் சுவர்.

"இன்னாபா இது, சாமி பாட்டு பாடப் போறோம்னு சொல்லித்தானே சாவி வாங்கினீங்க?" விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தபடி சம்பத் அண்ணன் கேட்டார். "கீழ பெயிண்ட் டப்பாலாம் தானா நகந்துகினு கீது."

"இது ராக்குண்ணா. அப்படித்தான் இருக்கும்" என்றான் ஜெபின்.

"உங்க சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்கும்? அப்புறம் ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

நல்லவேளை, அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. தன் கடை சிமெண்டையே குழைத்துப் பூசிவிட்டு, சாவியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் மூன்று பேர். மூவரும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரே சபை. ஜெபின் பாடுவான், கிட்டார் வாசிப்பான். நல்ல குரல், அது அவனுக்கும் தெரியும். ஷீலா டிரம்ஸ். வார நாட்களில் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பாள். சனி, ஞாயிறில் எங்களிடம். நான், ஆஸ்டின், பேஸ் கிட்டார். பேஸ் வாசிக்கிறவன் வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது, நிறுத்தினால்தான் அருமை தெரியும் என்பார்கள். ஒருநாள் ஒரு பாட்டு முழுக்க வாசிக்காமல் நின்று பார்த்தேன். "இன்னிக்குத்தான் மச்சான் சுத்தமா வந்துச்சு" என்றான் ஜெபின்.

பாட்டுகளை எழுதி மெட்டமைத்தது எல்லாம் ஷீலாதான். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முதல் வருடமே சொல்லிவிட்டாள்.

"நாம மேடையில இல்லாதப்போ யாராவது ஒருத்தர் நம்ம பாட்டைப் பாடணும்டா. பாத்திரம் கழுவும்போதாவது. அதுவரைக்கும் நாம பேண்ட் இல்ல, வெறும் சத்தம்."

யாரும் பாடவில்லை. இத்தனைக்கும் நாங்கள் எங்கே கூப்பிட்டாலும் போனோம். படப்பையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தோம். பெண்ணின் தாய்மாமா மேடைக்கு வந்து என் காதில், "தம்பி, சாப்பிடுறவங்க சாம்பார் கேட்டா பரிமாறுறவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது" என்றார். ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் எங்களை பிரியாணி இடைவேளையில் போட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கடைசிவரை அசையாமல் இருந்தார். உருகிவிட்டார் என்று நினைத்தோம். மைக் செட்காரர் அவர்.

பீர்க்கன்கரணை ஏரி வறண்டு கிடந்த ஒரு கோடையில் ஷீலா ஒரு பாட்டு எழுதினாள். 'காய்ந்த ஏரிமேல் மழையாய் வாரும்' என்று தொடங்கும். நாங்கள் செய்ததிலேயே அதுதான் உருப்படியான பாட்டு. ஆராதனையில் வாசிக்க எங்களுக்கு அனுமதி கிடைத்த சில நாட்களில் எல்லாம் அதைத்தான் வாசித்தோம். மழை வந்தது. தாம்பரத்தில் அந்த டிசம்பரை மறந்தவர்கள் யாரும் கிடையாது. முடிச்சூரில் படகு விட்டார்கள். சம்பத் அண்ணன் கடையிலிருந்து பி.வி.சி. குழாய்கள் மிதந்து போயின.

தண்ணீர் வடிந்த முதல் ஞாயிறு, பெண்கள் ஐக்கியத் தலைவி கனகவல்லி ஆன்ட்டி கோயில் வாசலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், எங்களை மறித்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீர்க்கன்கரணையில் அவர் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியிருந்தது.

"மழை வேணும்னு கேட்டீங்களே, எவ்வளவு வேணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? என் பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாம் போச்சு. இனிமே கோயில்ல அந்தப் பாட்டு கேக்கக் கூடாது."

அவர் சொன்னால் சபை ஆயரே மீற மாட்டார். பாட்டு கோயிலை விட்டு வெளியேறியது. ஷீலா அதன் பிறகும் பாட்டு எழுதினாள், ஆனால் எதுவும் அந்த ஏரிப் பாட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை.

பேண்டுகள் கலைவது சண்டையால் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு அந்த அளவுக்குப் புகழ் இல்லை. ஜெபினுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. ஸ்பீக்கர் தூக்கித் தூக்கி எனக்கு முதுகு போனது. ஷீலாவுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. போன வருடம் அறுப்பின் பண்டிகையோடு விடைபெறுவது என்று முடிவு செய்தோம்.

அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபையில் ஒவ்வொருவரும் தன் உழைப்பின் பலனைக் கொண்டுவந்து படைக்க வேண்டும். வயல் போய் ஃப்ளாட் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. தையல்காரர் சட்டை தைத்து வருவார். ஐ.டி.க்காரர்கள் மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கி, தாங்களே விளைவித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பங்கள் மானப் பிரச்சினையாக மோதிக்கொள்ளும். வேற்று மதத்துக்காரர்களும் வருவார்கள். சம்பத் அண்ணன் வருடம் தவறாமல் நாட்டுக்கோழிக்காக வருவார்.

எங்கள் சார்பில் வாழைத்தார் கொண்டுவருவது ஜெபினின் பொறுப்பு. கிட்டாருடன் மட்டும் வந்து நின்றான்.

"தார் எங்கடா?" என்றேன்.

"தாரா?" என்றான். அப்போதே "எரிகோ குழுவினர்" என்று அழைத்துவிட்டார்கள். தார் இல்லாமலே நடந்து போய் ஜெபின் மைக்கைப் பிடித்தான். மைக்கைப் பிடித்தால் அவனுக்கு வாய் ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம்.

"எங்க உழைப்புல விளைஞ்சது பாட்டுதான். 'காய்ந்த ஏரிமேல்' பாட்டைப் படைக்கிறோம். ஏலம் எடுக்கிறவங்களுக்கே அது சொந்தம். வீட்டுக்கே வந்து பாடி ஒப்படைச்சிடுவோம். அப்புறம் நாங்க பாட மாட்டோம்."

"டேய், அது என் பாட்டுடா!" ஷீலா பல்லைக் கடித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "யாருமே கேக்கலைன்னா?"

பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவில் எங்கள் பாட்டு ஏலத்துக்கு வந்தது. "ஒரு பாட்டு... எடை எல்லாம் கிடையாது... யாராவது?" என்றார் சபைச் செயலாளர். யாரும் வாய் திறக்கவில்லை. கோழி மட்டும் குரல் கொடுத்தது. ஷீலா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரம்ஸுக்குப் பின்னால் ஒருநாளும் குனிந்து உட்காராதவள்.

"நான் கேக்குறேன் சார்!" பின்னால் சம்பத் அண்ணன் கை தூக்கினார். "சும்மா வுட முடியுமா? என் ஷெட்டுல பொறந்த பாட்டு."

"அவருக்கு மேல நான்" என்றது ஒரு குரல். கனகவல்லி ஆன்ட்டி.

சம்பத் அண்ணன் ஏற்றினார். ஆன்ட்டி தாண்டினார். மறுபடி ஏற்றினார், மறுபடி தாண்டினார். பந்தல் முழுக்கக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. கடைசியில் சம்பத் அண்ணன் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "மன்னிச்சுக்கோங்கபா. கோழிக்குத் துட்டுக்கு இன்னா பண்ணுவேன்?"

"மூணாந்தரம்!" என்றார் செயலாளர்.

கனகவல்லி ஆன்ட்டி எங்கள் பக்கம் திரும்பினார். "இனிமே அது என்னோடது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒழுங்கா ஒப்படைங்க. டிரம்ஸ் கிரம்ஸ் வேண்டாம். அப்புறம் நீங்க எங்கயும் பாடக் கூடாது. ஜெபின் மைக்ல சொன்னதுதான்."

திரும்பும்போது ஆட்டோவில் ஷீலா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "இருந்த ஒரே நல்ல பாட்டை, புதைக்கிறதுக்கு வித்துட்டியேடா." ஜெபின் ஓசூர் வரைக்கும் அதை நினைத்துக்கொண்டு போயிருப்பான்.

அந்தச் சனிக்கிழமை ஜெபின் ஓசூரிலிருந்து வந்ததும் பீர்க்கன்கரணைக்குப் போனோம். ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் ஐக்கியம் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் எங்கள் பாட்டின் ஜெராக்ஸ். ஷீலா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

தொடங்கினோம். கரண்ட் கொடுக்காத பேஸ் கிட்டார் என்பது தோளில் மாட்டிய பலகை. நான் மிகுந்த உணர்ச்சியோடு பலகை வாசித்தேன். முதல் வரி முடிவதற்குள் ஆன்ட்டி கையைத் தூக்கினார்.

"நில்லு. மூச்சு எங்க விடுறது? ரயில் புடிக்கிற மாதிரி ஓடுறீங்க. இவங்கல்லாம் அறுபது தாண்டினவங்க."

"இது ஃபாஸ்ட் சாங், ஆன்ட்டி" என்றான் ஜெபின்.

"இப்ப யாரோட சாங்?"

ஜெபின் கிட்டாரைக் கீழே இறக்கினான். ஷீலாதான் கேட்டாள். "உங்களுக்குத்தான் இந்தப் பாட்டே ஆகாதே ஆன்ட்டி. எதுக்கு வாங்கினீங்க?"

ஆன்ட்டி ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளத்தப்போ நானும் எங்க வீட்டுக்காரரும் மொட்டை மாடியில கெடந்தோம். ஜெபம் பண்ணுவோம், பாடுவோம்னு வாயத் தொறந்தா, சின்ன வயசுலேர்ந்து பாடுன ஒரு கீர்த்தனையும் ஞாபகம் வரல. இந்தப் பாழாப்போன பாட்டுதான் வருது. மழையில ஒக்காந்துகிட்டு 'மழையாய் வாரும்'னு பாடினா அவருக்கு எவ்வளவு கோவம் வரும் சொல்லு. ஆனா நிறுத்த முடியல. அப்புறம் அவரும் சேர்ந்து பாடினார்."

ஷீலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே பாயில் உட்கார்ந்து அவர்களுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். ஆன்ட்டி ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டார். 'மழையாய் வாரும்' என்பதை 'அளவாய் வாரும்' என்று மாற்ற வேண்டும்.

"தாளத்துல உக்காராதே ஆன்ட்டி."

"மெதுவா பாடினா எல்லாம் உக்காரும்."

உட்கார்ந்தது. கேசரியும் முறுக்கும் தந்து, "சரி, ஒப்படைச்சாச்சு, கெளம்புங்க" என்று எங்களை வழியனுப்பினார். அதுதான் எரிகோவின் கடைசி நிகழ்ச்சி.

வாசலில் ஜெபின் ஆட்டோவுக்காகப் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளே மறுபடி ஆரம்பித்தார்கள். எங்கள் வேகத்தில் பாதி இருக்கும். கைத்தட்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஒரு குரல் எப்போதும் ஒரு வார்த்தை பின்தங்கியே வந்தது. ஷீலா செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் கடைப் பையோடு அவசரமாக வந்தார். ஞானாம்பாள், கனகவல்லி ஆன்ட்டிக்கு நாத்தனார் முறை, அன்று காலைதான் வேலூரிலிருந்து வந்தவர் என்று பிறகு தெரிந்தது. எங்களை அவருக்குத் தெரியாது.

"ஆரம்பிச்சிட்டாங்களா? ஏம்மா வெளிய நிக்கிற, வா" என்று ஷீலாவின் கையைப் பிடித்தார். "காலையிலேர்ந்து எங்க அண்ணி இதையேதான் பாடிட்டிருக்காங்க. பழைய பாட்டாம். உனக்குத் தெரியுமா?"

ஷீலா என்னைப் பார்த்தாள். பிறகு நுழைத்த செருப்பைக் கழற்றினாள்.

"தெரியாதுங்க ஆன்ட்டி" என்றாள். "சொல்லிக்குடுங்க."

ஜெபின் ஆட்டோவை ரத்து செய்தான்.