வடக்கே போன வயல்

மழை பெய்யாத மூன்றாம் ஆண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொத்தனார் வீட்டு இரண்டு ஏக்கர் சோளக்கொல்லை வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. முதல் நாள் ஐம்பதடி போயிற்று. மறுநாளும் ஐம்பதடி. வற்றிப்போன கிணறும் மோட்டார் கொட்டகையும் இருந்த இடத்திலேயே இருக்க, வரப்பும் முழங்கால் உயரப் பயிரும் ஓரத்தில் படர்ந்திருந்த பூசணிக்கொடியும் ஒன்றாக நகர்ந்தன. கட்டிலின் மேல் போர்வையை இழுப்பதுபோல அது அடுத்தவர் நிலத்தின் மேல் ஏறி, எதையும் கெடுக்காமல் இறங்கிப் போனது. விட்டுப்போன இடத்தில் வெறும் பாறைதான் மிச்சம். பக்கத்து நிலத்துக்காரர் தன் தரிசில் யாரோ இரவோடிரவாகப் பயிர் வைத்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். சர்வேயர் வந்து மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் வேறு வேறு அளவு வரவே, சங்கிலியில் பிழையில்லை, நிலத்தில்தான் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

கொல்லை கொத்தனார் பெயரில் இருந்தாலும் அதில் குனிந்து நிமிர்ந்தது அவருடைய மனைவிதான். ஊரில் அவளுக்கு வீம்புக்காரி என்று பெயர். கல்யாணமாகி வந்தபோது அந்த இடம் பாறையாகத்தான் கிடந்தது. இதில் புல்கூட முளைக்காது என்று மாமியார் சொன்ன ஒரே சொல்லுக்காக நான்கு கோடைகள் ஏரி வண்டலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டியவள். ஆகவே அவளிடம் நிலம் நடக்கிறது என்று சொன்னபோது அவள் வாயைப் பிளக்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். வடக்கே என்றார்கள். சோற்றுத் தூக்கையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டு வடக்கே போனாள்.

முதல் ஆறு மாதம் தினமும் போய் வந்தாள். வயலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லாததால் தூரம் கூடிக்கொண்டே போனது. ஒரு வருஷத்தில் ஐந்தரைக் கிலோமீட்டர். அதற்குள் ஊரில் இன்னும் நாற்பது நிலங்கள் கிளம்பியிருந்தன. வேகமும் திசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. போகிற வழியில் எங்காவது ஒரு குட்டை, ஓர் ஊற்று, பள்ளத்தில் தேங்கிய ஈரம் இருந்தால் வயல் அதன்மேல் ஏறி, குடித்துவிட்டுப் போனது. கதிர் பிடித்தது. ஊரில் நின்ற நிலங்களோ வெடித்துக் கிடந்தன. இனி போய் வந்து கட்டுப்படியாகாது என்று வீம்புக்காரி ஒரு தார்ப்பாயை எடுத்துக்கொண்டு, பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு வயலோடு கிளம்ப முடிவு செய்தாள். கொத்தனார் வர மறுத்தார். அந்த வீட்டை அவரே கட்டியிருந்தார், பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு செங்கல்லாக. அதில் நூல் பிசகிய சுவர் ஒன்றுகூடக் கிடையாது. சுவரையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு வரச்சொல்கிறாயா என்று கேட்டார். அவள் சண்டை போடவில்லை. மூன்று மாதத்துக்கான மாவைத் தகர டின்னில் அடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வயலின் பின்னால் போனவர்களுக்கு முதல் வருஷம் எல்லாமே தடுமாற்றமாக இருந்தது. இரண்டாம் வருஷம் அதுவே பழக்கமாயிற்று. ஆட்டுக்கல்லையும் அம்மியையும் தூக்க முடியாததால் தானியத்தை அரைப்பதை விட்டார்கள். முழுசாக வறுத்தும் வேகவைத்தும் தின்றார்கள். அதனால் பிள்ளைகளின் பல் உறுதியாயிற்று, பெரியவர்களுக்குத் தாடை வலித்தது. தொண்ணூறு நாளில் விளையாத எதையும் விதைப்பதில்லை. விதையை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் எப்போது ஈரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பித்தளைப் பாத்திரங்கள் வழியில் ஒவ்வொன்றாகக் கழன்றன. முன்பெல்லாம் வழியில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள், இப்போது உங்க வயல் எங்கே வருகிறது என்று கேட்டார்கள். வரப்புத் தகராறு அடியோடு ஒழிந்தது. அதற்குப் பதிலாக எந்த வயல் ஊற்றில் முதலில் ஏறுவது என்ற தகராறு வந்தது. பக்கத்தில் நடக்கிற நிலத்துக்காரர்கள் சம்பந்தி ஆனார்கள். பின்னால் வருகிற நிலத்துக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள், அங்கே மிச்ச ஈரம்தான் கிடைக்கும் என்று.

மூன்றாம் வருஷக் கடைசியில் வயல்களின் எதிரே ஒரு டவுன் வந்தது. மற்ற நிலங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. வீம்புக்காரியின் வயல் மட்டும், உடைமைக்காரியின் புத்தி அதற்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, நேரே கடைத்தெருவுக்குள் நுழைந்தது. தெரு முப்பதடி அகலம். வயல் அதற்கேற்ப ஒடுங்கி, பாயைச் சுருட்டாமல் நீளவாக்கில் மடித்ததுபோல நீண்டது. அது முழுசாகக் கடந்துபோக இரண்டு மாதம் ஆகும் என்று அவள் கணக்குச் சொன்னாள். பயிர் அறுப்புக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. ஒடுங்கிய நெருக்கத்தில் தையல்காரர் கடைப்படி பெயர்ந்தது. மருந்துக்கடைக் கதவைத் திறந்தால் சோளத்தாள் இடித்தது. கடைக்காரர்கள் நகராட்சிக் கமிஷனரிடம் போனார்கள். அவர் நியாயமான மனுஷர். வயலின் தலைமாட்டில் நூறடிக்குக் கான்கிரீட் போட்டு, அதைச் சாலையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் நகராது என்று முடிவு செய்து, நல்ல கொத்தனாராக ஓர் ஆளை அனுப்பும்படி காண்ட்ராக்டரிடம் சொன்னார். வந்து நின்றது வீம்புக்காரியின் புருஷன். ஊரில் வீடு கட்டிக்கொள்ள ஆளில்லாமல் போனதால் அவர் ஆறு மாதம் முன்பே டவுனுக்கு வேலை தேடி வந்திருந்தார்.

மத்தியான வெயிலில் கலவை தயாராக இருந்தது. வீம்புக்காரி வயலின் முதல் வரிசைக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்திருந்தாள். கொத்தனார் எதிரே குந்தினார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது பார்த்து. அவள் கறுத்திருந்தாள், காலில் செருப்பில்லை. மகள் தோளளவு வளர்ந்து, யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். அதுதான் அவரை மிகவும் வருத்தியது.

"இத இங்கயே நிறுத்திட்டா நீ வீட்டுக்கு வந்துடுவதான?" என்றார்.

"வருவேன். வந்து எத உலையில போடறது?"

அவர் கொத்துக்கரண்டியால் பக்கத்திலிருந்த கலவையைப் புரட்டினார்.

"நீங்க கட்டின வீட்ட நான் என்னிக்காவது குறை சொல்லியிருக்கேனா? ஆனா பசிச்சா சுவர நக்க முடியாதுங்க. இது தண்ணி இருக்கற பக்கம் போகுது. நிறுத்தினா அறுப்புக்கு முந்தியே கருகிடும். ஊத்தணும்னா ஊத்துங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்."

கொத்தனாருக்கு அவளைத் தெரியும். அவள் மேல் கான்கிரீட் போட்டாலும் எழமாட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயலின் விளிம்பில் உள்ளங்கையைப் பதித்தார். முப்பது வருஷம் அசையாத பொருள்களையே தொட்ட கை அது. கட்டுத்தறியில் நிற்கிற கன்று, பசுவின் குரலைக் கேட்டுக் கயிற்றை இழுப்பதுபோல மண் இழுத்தது. அவர் கையை எடுக்காமல் வெகுநேரம் குந்தியிருந்தார். காண்ட்ராக்டரின் ஆட்கள் கலவை இறுகிவிடும் என்று அவசரப்படுத்தினார்கள். கடைசியில் எழுந்து, நூலை எடுத்து, தெருவின் இரண்டு பக்கமும் கடைகளிலிருந்து ஆறடி தள்ளிப் பிடித்தார். மகளைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். நூறடிக் கான்கிரீட்டுக்கென்று கலந்த கலவையில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கரைச்சுவர் எழுப்பினார். வயல் நடுவில் பதினெட்டடிக்குள் போகட்டும், ஜனங்கள் ஓரத்தில் நடக்கட்டும் என்று கமிஷனரிடம் போய்ச் சொன்னார். நாட்கள் கூடுமே என்றார் கமிஷனர். மூன்று மாதம் ஆகும், ஆனால் ஒரு படியும் பெயராது, அதற்கு நான் பொறுப்பு என்றார் கொத்தனார். கமிஷனர் சுவரை வந்து பார்த்தார். நூல் பிசகவில்லை. சரி என்றார்.

அறுப்பு கடைத்தெருவிலேயே நடந்தது. தையல்காரர் கத்தரிக்கோலோடு இறங்கி வந்து கதிர் அறுக்க உதவினார். தன் பங்குப் பூசணியை மிஷினின் மேல் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வயல் டவுனின் வடக்குக் கோடியில் வெளியேறியபோது அந்த வீதிக்காரர்களுக்குக் கொஞ்சம் வெறிச்சென்றிருந்தது. கரைச்சுவர்களில் இன்றும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கொத்தனார் உடனே அவர்களோடு போய்விடவில்லை. மனசு ஒப்ப இன்னும் நான்கு மாதம் பிடித்தது. ஒருநாள் தன் வீட்டுக்குப் போய், கூரையைக் கழற்றி, கதவு ஜன்னல்களைப் பெயர்த்து, ஒரு டிராக்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். செங்கல்லைத் தொடவில்லை. இரண்டு நாள் மரத்தை அறுத்து இழைத்து, மூன்று பேர் சேர்ந்தால் அரைமணியில் மடித்து எடுக்கக்கூடிய ஒரு வீட்டை வயலின் தெற்கு ஓரத்தில் நிறுத்தினார். வீம்புக்காரி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

"அடுப்படி கொஞ்சம் சின்னது," என்றாள்.

"நாளைக்கு மாத்திடலாம்," என்றார் அவர். எப்படியும் நாளைக்குப் பிரிக்க வேண்டியதுதான். பிறகு நாற்பது குடும்பங்களுக்கும் அவரே மடக்கு வீடு செய்து கொடுத்தார். வீட்டை ஐம்பதடி தள்ளி நிறுத்தும்போதெல்லாம் தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை. சில வருஷங்களில் மழை நல்லபடி பெய்தது. வயல்கள் நிற்கவில்லை, இவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

மகளை இருபத்திரண்டாம் வயதில் ஆற்றங்கரை ஊரொன்றில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நெல் விவசாயி, நல்ல குணம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவள் வாசலுக்கு வந்தாள். நேற்று பார்த்த அதே இடத்தில், அதே மரத்தடியில் அவர்கள் வயல் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அங்கேதான் கிடந்தது. மூன்றாம் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், குரலைத் தாழ்த்தி, "அத்தை, நம்ம வயலுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவும் இல்லை. மருமகள் எங்கிருந்து வந்தவள் என்று அவளுக்குத் தெரியும்.

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. தண்ணி வாசலுக்கே வருது, அது எதுக்கும்மா நடக்கணும்?"

பெண் வாசலுக்குப் போய் வயலை இன்னொரு முறை பார்த்தாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. உள்ளே போய், கிளம்பத் தோதாகக் கட்டியே வைத்திருந்த மூட்டையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.