திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்

அண்ணனுக்குக் கை குலுக்கத் தெரியாது என்பது அவளுக்கு நாற்பத்தோராவது வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் எதற்குக் கை குலுக்கிக்கொள்ளப் போகிறார்கள்? ஐரோப்பாவிலிருந்து அந்தக் கடிதம் வந்த பிறகுதான் பட்டறை வாசலில் தினமும் காலை எட்டரை மணிக்கு அந்தக் கூத்து தொடங்கியது. அவள் உள்ளேயிருந்து நடந்து வருவாள், அவன் வெளியேயிருந்து வருவான். வாசற்படியில் சந்தித்துக் கை நீட்ட வேண்டும்.

முதல் நாள் அவன் கை ஈரத்துணி மாதிரி வந்து அவள் கையில் விழுந்தது. இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். மறுநாள் விரல் எலும்பெல்லாம் ஒன்றோடொன்று உரசியது.

"பிடிக்கச் சொன்னேன், பிழியச் சொல்லல. அப்புறம், தரையப் பாக்காத. கண்ணப் பாரு."

"கண்ணப் பாத்தா சிரிப்பு வருது பாப்பா."

லேத்தின் பக்கத்தில் நின்றிருந்த ஃபோர்மேன், தனக்கும் அப்படித்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டார். அது அந்தச் சிரிப்பை மூடிவிட்டது.

அப்பா விட்டுப்போன பட்டறை அது. கதவுக் கீல்கள் செய்வார்கள். பங்குப் பத்திரத்தில் அண்ணன், தங்கை இருவர் கையெழுத்தும் உண்டு. ஆனால் வெளிவேலை அவனுக்கு, உள்வேலை அவளுக்கு என்று யாரும் பிரித்துக் கொடுக்காமலே பிரிந்துபோயிருந்தது. அவன் பேசுவான். அவள் வரைவாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்தில், வார்டுக் கதவு ஒவ்வொரு முறை அறைந்து மூடும்போதும் அவர் உடம்பு தூக்கிப்போடும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போது வந்த எண்ணம்தான், எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கதவை மெல்ல, சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற அந்தக் கீல். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு துளி எண்ணெய் நிற்க ஒரு குழி, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' வருவதற்கு இரண்டு வருடமும் பதினோரு வரைபடங்களும் ஆயின. பதினொன்றிலும் மூலையில் தேதி போட்டிருந்தாள்.

இணையத்தில் அதைப் பார்த்த கம்பெனி ஒன்று, தங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேண்டும், நேரில் வந்து விளக்குங்கள் என்று எழுதியிருந்தது. தேதி, மணி, மதிய உணவு எத்தனை நிமிடம் என்பது வரைக்கும் அந்தக் கடிதத்தில் இருந்தது. அதைப் படித்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது, இவர்களிடம் நம் ஊர் நடை செல்லாது என்று.

மூன்று மாதம் படித்தாள். நூலகத்தில் புத்தகம் எடுத்தாள், வீடியோ பார்த்தாள், அங்கே பத்து வருடம் இருந்து திரும்பிய கல்லூரித் தோழியைத் தொல்லை செய்தாள். எல்லாவற்றையும் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் அண்ணனுக்காக எழுதினாள். பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் போ. ஒன்பதரைக்கே போய் நிற்பதும் தப்பு. வயதைக் கேட்காதே, எத்தனை குழந்தை என்று கேட்காதே. ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. முடியாதென்றால் முடியாது என்று சொல். 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனியில் யார் முடிவெடுப்பது என்பதை முதலிலேயே கேட்பார்கள், மழுப்பாதே.

ராத்திரிச் சாப்பாடு பாடமாக மாறியது. வேகவைத்த உருளைக்கிழங்கைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து வெட்டப் போனான் அண்ணன். கிழங்கு துள்ளி அண்ணியின் மடியில் விழுந்தது. அண்ணி அதை எடுத்துக் கையாலேயே தின்றுவிட்டு, இந்த ஆர்டர் கிடைப்பதற்குள் இந்த வீட்டில் எல்லாரும் பட்டினியில் போய்ச் சேரப்போகிறோம் என்றாள். அண்ணன் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தான். அந்த மூன்று மாதமும் அவளுக்கு அண்ணன் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, வரைபட மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அங்கிருந்து ஃபோன் வந்ததாம். ஒரு கம்பெனிக்கு ஒரு ஆள் வந்தால் போதும் என்கிறார்களாம். இரண்டு பேர் வந்தால், இவர்களுக்குள் யார் முடிவெடுப்பது என்று குழம்பிப்போவார்களாம்.

"நீதானே எழுதியிருக்க பாப்பா, மூணாம் பக்கத்துல? யார் முடிவெடுப்பாங்கன்னு மொதல்ல கேப்பாங்கன்னு."

அவளுக்கு முதலில் தோன்றியது, பரவாயில்லை, படித்திருக்கிறான் என்ற சந்தோஷம்தான். ஏமாற்றம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அதையும் அவள் வெளியே காட்டவில்லை. விசாவுக்கு எடுத்து வைத்த தன் ஃபோட்டோக்களை டிராயருக்குள் போட்டாள். வரைபடங்களைச் சுருட்டி, உறை போட்டு, எதை எந்த வரிசையில் விரிக்க வேண்டும் என்று எண் எழுதிக் கொடுத்தாள்.

விமான நிலையத்தில், உள்ளே போவதற்கு முன், அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கை நீட்டினான். சரியான இறுக்கம். கண்ணைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. தேறிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தான். ஆர்டர் உறுதி. ஒரு சாக்லேட் பெட்டியும் கதைகளும் கொண்டுவந்திருந்தான். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லையாம். சாப்பாட்டில் கிழங்கு வந்ததாம், துள்ளவில்லையாம். "உன் நோட்டு இல்லன்னா நான் செத்தேன்" என்று அண்ணி முன்னாலேயே சொன்னான். அவன் முன்னால் மேசையில் நிறுத்தியிருந்தார்களாம், கூடாரம் போல மடித்த பெயர் அட்டை. அதை ஞாபகத்துக்கு எடுத்து வந்து தன் அறையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவளுடைய மின்னஞ்சல் முகவரிக்கு அந்தக் கம்பெனியின் அஞ்சல் வந்தது.

கூட்டத்தில் பேசியதையெல்லாம் எண் போட்டு எழுதியிருந்தார்கள். நான்காவது எண்: கீலின் வடிவமைப்பும் வரைபடங்களும் முழுக்க அண்ணனுடைய வேலை, அங்கே வடிவமைப்பைப் பதிவு செய்யும்போது அவர் பெயரிலேயே பதிவாகும். அலுவலக வேலைகளில் உதவும் அவர் தங்கை, உடல்நலம் காரணமாக இம்முறை வர இயலவில்லை. அவர் படிப்படியாக நிறுவனத்திலிருந்து விலகுகிறார். கடைசி வரி: திருத்தம் ஏதும் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும், இல்லையெனில் இது அனைவராலும் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

இரண்டு புகைப்படங்கள் இணைத்திருந்தார்கள். முதலாவது, கூட்டம் தொடங்குமுன் எடுத்தது. நீண்ட மேசை, கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர், அண்ணன், அவன் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அந்த நாற்காலிக்கு முன்னால் அவள் பெயர் இருந்தது. இனிஷியல்கூட மாறாமல், நல்ல தடித்த அட்டையில். இரண்டாவது, பேச்செல்லாம் முடிந்து எடுத்தது. வரைபடங்கள் விரிந்து கிடந்தன, தண்ணீர் பாதி குறைந்திருந்தது. நாற்காலி அப்படியே இருந்தது. அட்டையைக் காணவில்லை.

அவள் வெகுநேரம் அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். லேத் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

அண்ணன் வங்கிக்குப் போயிருந்தான். அவன் டிராயரைத் திறந்து நீல நோட்டை எடுத்தாள். முள்கரண்டிப் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. அது ஒன்பதாம் பக்கம். அதற்கு மேல் தாள்கள் கடையில் வாங்கிய அன்றிருந்த மொடமொடப்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. பதினாலாம் பக்கத்தில் அவள் எழுத்து: 'கூட்டம் முடிந்தால் பேச்சு முடிந்தது என்று நினைக்காதே. பேசியதை அப்படியே எழுதி, அழைப்பு அனுப்பிய எல்லாருக்கும் அனுப்புவார்கள். வராதவர்களுக்கும்.'

அந்த வீட்டில் அவளுடைய மௌனத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அப்பாவின் பழைய லேத்தை விற்க அண்ணன் ஏற்பாடு செய்தபோது அவள் மூன்று நாள் பேசவில்லை. லேத் இன்னும் இருக்கிறது. பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம், அதைக் கண்டுபிடித்து வந்து கேட்பது அவன் வேலை. அப்படித்தான் இருவரும் வளர்ந்திருந்தார்கள். ஆகவே அவள் காத்திருந்தாள். அவனே வந்து சொல்வான் என்று செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. அண்ணி தலைவலியா என்று கேட்டாள். அண்ணன், கூட்டிக்கொண்டு போகாத கோபம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை இரண்டு டிக்கெட் என்று அண்ணியிடம் அவள் காதுபடச் சொன்னான். சாக்லேட் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் நோட்டை மறுபடி திறந்தாள். பதினைந்தாம் பக்கம். அதுவும் அவள் எழுதியதுதான். 'நம் முகத்தைப் பார்த்து அங்கே யாரும் எதையும் புரிந்துகொள்ள மாட்டார்கள். உன்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சொல். சொல்லாதது அவர்களைப் பொறுத்தவரை இல்லாதது.' யாருக்கோ எழுதிய கடிதம் தன் வீட்டுக்கே திரும்பி வந்தது போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளை முடிந்து, அண்ணன் அறைக்குப் போய் அஞ்சலின் நகலை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு என்ன நோய்னு சொன்ன?"

அவன் படித்தான். நான்காவது எண்ணுக்கு வந்ததும் அவன் கட்டைவிரல் தாளில் நின்றுவிட்டது.

"இத உனக்கு எதுக்கு அனுப்பினாங்க?"

"கூப்பிட்டவங்க எல்லாருக்கும் அனுப்புவாங்க. பதினாலாம் பக்கம்."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். அவள் செய்த கீல். அது தன் நிதானத்தில்தான் நகர்ந்தது. அவன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் முழுக்க மூடியது.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றான். அவர்கள் வரைபடத்தைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், நான் வரையவில்லை என்றால் பின்னே நீ எதற்கு வந்தாய் என்று கேட்டிருப்பார்கள் என்றான். அதற்குத்தானே என்னையும் அழைத்தார்கள் என்றாள் அவள்.

"நீ வந்திருந்தா நான் எதுக்கு பாப்பா?"

மெதுவாகத்தான் சொன்னான். அந்த ஐந்து நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளைத் தொடவும் செய்தது. அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம்.

"யார் பேர்ல இருந்தா என்ன? கம்பெனி நம்மளதுதானே?"

"அப்ப என் பேர்லயே இருக்கட்டும்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். இப்போது மறுத்து எழுதினால் தன்னைப் பொய்யன் என்று நினைப்பார்கள், ஆர்டரே கைவிட்டுப் போகும், பட்டறையில் பதினாறு குடும்பம் இருக்கிறது என்றான். "அடுத்த மாசம் நானே பக்குவமா சொல்லிக்கறேன். நான் பாத்துக்கறேன், நீ விடு."

"கண்ணப் பாத்துச் சொல்லு."

பார்த்தான். இமைக்காமல், நேராக, விமான நிலையத்தில் பார்த்த அதே பார்வை. எந்தக் குறையும் சொல்ல முடியாத பார்வை. அவள் சொல்லிக்கொடுத்தது. சின்ன வயதில் பொய் சொன்னால் அவன் கண் தரைக்குப் போய்விடும். அதை வைத்துத்தான் அம்மா கண்டுபிடிப்பாள். மூன்று மாதம் தினமும் எட்டரை மணிக்கு நின்று அந்த அடையாளத்தை அழித்துக் கொடுத்தது தானேதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தன் மேசைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தாள். நான்காவது எண் தவறு. வடிவமைப்பும் வரைபடங்களும் என்னுடையவை. தேதியிட்ட பதினோரு வரைபடங்களின் நகல்களை இணைத்திருக்கிறேன். எனக்கு உடல்நலக் குறைவு இல்லை. நான் விலகவில்லை. 'என் சகோதரர் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுத்தெழுத்தாக அழித்தாள். அவர்கள் கடிகாரத்தில் அப்போது மணி காலை பத்தரை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நன்றி. திருத்தப்பட்ட பிரதி இணைக்கப்பட்டுள்ளது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் காணொளிக் கூட்டம். உங்கள் தரப்பில் எத்தனை பேர் என்று தெரிவிக்கவும். அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோபமோ வியப்போ எதுவும் இல்லை. யாராவது ஒருவர் அவளுக்காக ஒரு வார்த்தை கோபப்பட்டிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு. அது நோட்டில் இல்லாத விஷயம்.

பிரதியை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் அதே நாற்காலியில் அப்படியே இருந்தான். தாளை வாங்கிக்கொள்ளவில்லை. பர்ஸைத் திறந்து, நான்காக மடித்த ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"அத முன்னால வச்சிக்கிட்டு என்னால பேச முடியல."

தூக்கிப் போடவும் முடியவில்லை போலிருக்கிறது. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து தன் மேசையில் விரித்து நிறுத்திப் பார்த்தாள். மடிப்பு அவள் பெயருக்குக் குறுக்கே ஓடியிருந்தது. நிற்கவில்லை. எண்ணெய்ப் புட்டியைப் பின்னால் முட்டுக் கொடுத்தாள்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு 'இருவர்' என்று எழுதினாள். விளக்கப்போவது அவள். அவள் பேசி முடிக்கும்வரை அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவள் உள்ளேயிருந்து வந்தபோது அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தான். பழக்கத்தில் கை பாதி எழுந்து, அங்கேயே நின்றது. கண் தரையில் இருந்தது. அவள் சொல்லிக்கொடுக்காத அந்தப் பார்வையை அவள் நம்பினாள். ஆனாலும் கை கொடுக்காமல், அவன் உள்ளே வருவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.