புளி போட்டுத் துலக்கிய பர்னர்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். கணக்கெழுதும் கிராணியாக இருந்த கணேசமூர்த்தி, ஜப்பான்காரன் கொடுத்த கைப்பட்டையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருடைய முதுகெலும்பு எங்கே போயிற்று என்று காஜா பெராங் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்போடு மடிந்துவிடுவார். தமிழனைக் கண்டால் மட்டும் எங்கிருந்தோ அது திரும்பி வந்து விறைத்து நிற்கும். நாலு ஜப்பானிய வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு மொழிபெயர்ப்பாளராகிவிட்ட அந்த மனுஷனை நினைத்தாலே பொன்னுதுரைக்குக் காறித் துப்பத் தோன்றும். அந்த மனுஷனே அன்று மத்தியானம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். ஸ்டவ், குழாய், பம்ப் எதுவானாலும் பழுது பார்க்க ஊரில் மிஞ்சியிருந்தது பொன்னுதுரை ஒருவன்தான்.

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களா அது. இப்போது ஒரு ஜப்பானிய அதிகாரி குடியிருந்தான். குளியலறைச் சுவரில் துரை மாட்டிவைத்த கேஸ் பாய்லர் இருந்தது. கொல்லைக் கொட்டகையில் கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டும். அதில் கிளம்பும் கேஸ் குழாய் வழியாக வந்து பர்னரில் எரியும். செப்புச் சுருளில் ஓடும் தண்ணீர் சுடச்சுட இறங்கும்.

"காலையில மாஸ்டர் குளிக்கப் போனாரு. டப்புன்னு வெடிச்சு ஒரே கரிப்புகை. தண்ணி சில்லுன்னு வருது," என்றார் கிராணி. அவர் கன்னத்தில் விரல் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. "இது நாசவேலை. இவதான் செஞ்சிருக்கா. அஞ்சு மணிக்கு மாஸ்டர் வந்ததும் இவ பேரைச் சொல்லி, கெம்பித்தாய்கிட்ட ஒப்படைக்கப் போறேன்."

'இவ' என்றது வீட்டு வேலை செய்யும் பூங்காவனத்தை. புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது. கதவோரம் நின்றவளுக்கு அழுகைகூட வரவில்லை. கெம்பித்தாய் என்ற அந்த ஜப்பானிய ராணுவப் போலீஸின் வாசலுக்குள் போனவர்களில் நடந்து திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கும் தெரியும்.

பொன்னுதுரை பாய்லர் பக்கம் போனான். கேஸ் வால்வை மூடினான். ஜன்னலைத் திறந்துவிட்டான். திருகாணிகளைக் கழற்றிப் பர்னரை வெளியே எடுத்தான். பித்தளை பொன்னாக மின்னியது. அவன் புருவம் சுருங்கியது. பதினைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறான், இப்படி மின்னும் பர்னரைப் பார்த்ததே இல்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். நாற்பது ஓட்டைகளும் சாம்பல் குழம்பால் அடைந்து இறுகிக் கிடந்தன. முதலில் பற்றவைக்கும் சின்னத் தீயின் ஓட்டையில் ஒரு நார் நீட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தான். புளி.

"இதை யாரும்மா துலக்கினது?"

"நான்தாண்ணே. கிராணிதான் சொன்னாரு. பித்தளை மங்கிக் கெடக்கு, மாஸ்டர் பாத்தா சந்தோசப்படணும், குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்னாரு. அவரே புளி கொண்டாந்தாரு. மிச்சம் அதோ செரட்டையில இருக்கு."

ரசம் வைக்கப் புளி இல்லாமல் ஊரே மரவள்ளிக் கிழங்கை வெறும் உப்போடு விழுங்கிக்கொண்டிருந்த காலம். இந்த மனுஷன் எஜமானின் அடுப்புக்குப் புளி தேடி அலைந்திருக்கிறார்! பித்தளையைக் கண்டால் குத்துவிளக்கு, குத்துவிளக்கைக் கண்டால் கும்பிடு. அடி விழுந்ததும் பழியைத் தூக்கி ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் போடத் தெரிந்திருக்கிறது.

"கிராணி, ஒங்க மாஸ்டருக்குக் கொஞ்சம் மலாய் புரியும்தானே? சாம்பலுக்கு அபு, புளிக்கு அசாம். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லி ஒங்களைக் கைகாட்டினா போதும்."

கிராணியின் முகம் வெளிறியது. "பொன்னுதுரை... நமக்குள்ள என்னப்பா..."

"நமக்குள்ள ஒண்ணுமில்ல. பூங்காவனம் பேரு ஒங்க வாயில வரக்கூடாது. கார்பைடு கல்லு மட்டமான சரக்கு, அதான் ஓட்டை அடைச்சிக்கிச்சுன்னு சொல்லுங்க. இப்ப ஒக்காருங்க."

"எதுக்கு?"

"நாப்பது ஓட்டை. மணி நாலாயிடுச்சு. இருபது ஒங்களுது." ஒரு ஸ்டவ் பின்னை நீட்டினான்.

கிராணி வெள்ளைச் சட்டையோடு ஈரத் தரையில் குந்தினார். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினார். கொதிநீர் ஊற்றிக் கழுவினார். ஊதி ஊதிக் காயவைத்தார். பாய்லருக்குள் படிந்த கரியையும் சுரண்டச் சொன்னான் பொன்னுதுரை. முழங்கை வரை கறுப்பு. பார்க்கப் பார்க்க அவனுக்குக் குளுகுளுவென்றிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே ரசித்தான்.

"துலக்கச் சொன்ன ஆளே பத்த வைங்க. மொதல்ல தீக்குச்சி, அப்புறம்தான் கேஸ்."

பதற்றத்தில் கிராணி கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். 'டப்' என்றது. இடது புருவத்தில் பாதி போயிற்று. ஆனால் தீ பிடித்துக்கொண்டது. நாற்பது நீல நாக்குகளும் ஒரே சீராக நின்றன.

ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஜப்பான்காரன் திருப்பி வைத்திருந்த தோக்கியோ மணிப்படி, ஐந்துக்கு அதிகாரி வந்தான். வெளியே வெயில் இன்னும் மூன்றரை மணி வெயிலாகத்தான் அடித்தது. குழாயைத் திறந்து விரலை நீட்டியவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். திருப்தி. என்ன கோளாறு என்று கேட்டான் போலிருக்கிறது. கிராணி இடுப்போடு மடிந்து, கொட்டகைப் பக்கம் கைகாட்டிப் பேசினார். பூங்காவனம் பேர் வரவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மனுஷனால் முடியவில்லை. பர்னரைக் காட்டினார், கரி படிந்த கைகளை விரித்துக் காட்டினார், கருகிய புருவத்தைத் தொட்டார், நெஞ்சில் தட்டிக்கொண்டார். பொன்னுதுரை நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழுது பார்த்தது தானேதான் என்கிறார் என்பது ஜப்பானிய மொழி தெரியாதவனுக்கும் புரிந்தது.

அதிகாரி அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்தான். கிராணியின் கைப்பட்டையை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று வாக்கியம் சொன்னான். துண்டை எடுக்க உள்ளே போனான்.

"என்ன சொன்னாரு கிராணி? மொழிபெயர்த்துச் சொல்லுங்க."

கிராணி பட்டை இல்லாத கையைத் தடவிக்கொண்டார். "பாஷை தெரிஞ்சவன் நெறைய பேரு இருக்கானாம். இந்த மெஷின் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானாம். இனிமே கொட்டகையிலேயே படுத்துக்கிட்டு, காலையும் சாயங்காலமும் நான்தான் பத்த வைக்கணுமாம்."

பொன்னுதுரை தன் ஸ்டவ் பின்னை அவர் சட்டைப் பையில் செருகினான். "மறந்துடாதீங்க. மொதல்ல தீக்குச்சி."

பூங்காவனம் சிரட்டையிலிருந்த மிச்சப் புளியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இது இனிமே ஒங்களுக்கு வேணாம்தானே, கிராணி?"